பஸ் கவிழும்போது பில்லர் என்ன செய்கிறது?
(மெல்லிய தகடும் கம்ப்யூட்டர் கணக்கும்)



நம்மில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ‘எம் பை ஐ, எஃப் பை ஒய், ஈ பை ஆர்’ என்று கடகடவென்று ஒப்பித்துவிடுவோம். வளைவுத் திருப்புத்திறன் தெரிந்தால் தகைவு தெரியும், தகைவு ஈல்டு பாயிண்டைத் தாண்டாமல் இருந்தால் டிசைன் பாஸ், தாண்டினால் ஃபெயில். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் நாம் சுற்றி வந்திருக்கிறோம். ஈல்டு பாயிண்டுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை வரைபடத்தில் ஒரு வளைகோடாகப் பார்த்ததோடு சரி.

ஆனால் பாருங்கள், அந்த வரைபடத்தில் ஈல்டுக்கு முன்னால் இருக்கும் பகுதி ஒரு குச்சி மாதிரி. அதற்குக் கீழே இருக்கும் பரப்பு, அதாவது இரும்பு உள்வாங்கும் ஆற்றல், மிகக் கொஞ்சம். ஈல்டுக்குப் பின்னால் நீண்டு கிடக்கிறதே, அந்தப் பகுதிதான் பெரிய பரப்பு. ஒரு பஸ் கவிழும்போது உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றுவது குச்சி மாதிரிப் பகுதி இல்லை; நாம் ‘ஃபெயில்’ என்று எழுதி மூடி வைத்த அந்தப் பகுதிதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அதைக் கம்ப்யூட்டரில் எப்படிக் கணக்குப் போடுகிறார்கள், அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பதையும் பார்க்கலாம்.

நான் தம்மம்பட்டிக்காரன். எங்கள் ஊரிலிருந்து ஆத்தூருக்கோ துறையூருக்கோ ராசிபுரத்துக்கோ எங்கே போவதானாலும் பஸ்தான், ரயில் கிடையாது. ராசிபுரம் தாண்டி நாமக்கல் போனால் லாரிக்கும் டேங்கருக்கும் பாடி கட்டும் பட்டறைகள். இன்னும் தெற்கே கரூர் போனால் பஸ் பாடி கட்டும் பட்டறைகள். டிப்ளமா முடித்துவிட்டு நம்மில் சிலர் போய் நிற்கப்போகிற இடமும் அதுதான். ஆகவே இந்தப் பாடம் நமக்குத் தூரத்து விஷயம் இல்லை.

மரமும் இரும்பும்

எங்கள் ஊர் மரச்சிற்பத்துக்குப் பேர் போனது. வாகை, தூங்குமூஞ்சி, அத்தி மாதிரி மரங்களில் சாமி சிலையும் கோயில் வாகனமும் செய்கிறார்கள். உளி பிடிக்கிற எவரும் மரத்தின் குணத்தை நன்றாக அறிவார்: நார் ஓடும் திசையில் ஒரு மாதிரி, குறுக்கே வேறு மாதிரி. வளைத்தால் கொஞ்சம் கொடுக்கும், அப்புறம் படாரென்று பிளக்கும். இரண்டுக்கும் நடுவில் அது அதிகம் தங்காது. பழைய காலத்தில் பஸ் பாடிக்கும் மரச்சட்டம்தான் போட்டார்கள். கவிழ்ந்தால் சட்டம் ஒடிந்து சிம்பு சிம்பாகக் கிளம்பும்.

மைல்டு ஸ்டீல் அப்படி இல்லை. ஈல்டு ஆனபின் அது நீண்டுகொண்டே போகும், விசையையும் விடாது. சாதாரண மைல்டு ஸ்டீல் டெஸ்ட் துண்டு அறுபடும் முன் 20, 25 சதவீதம் நீளும் என்பதை நாமே யூ.டி.எம்.-இல் பார்த்திருக்கிறோம். ஈல்டு ஆகும்போது அதன் நீட்சி 0.1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். இருநூறு மடங்கு வித்தியாசம்! இந்த நீட்சிதான் நமக்குக் கிடைத்திருக்கும் சேமிப்பு.

ஆனால் ஒரு சங்கடம். பஸ் பில்லர் கனமான கம்பி இல்லை. உள்ளே வெற்றிடமான சதுரப் பைப். தகட்டின் தடிமன் 2 மி.மீ., 3 மி.மீ. அவ்வளவே. மெல்லிய தகடு அமுக்கத்துக்கு வந்தால் அதன் முழு பலத்தைக் காட்டும் முன்னாலேயே மடிந்து விடுகிறது. மடிப்பு விழுந்த இடத்தில் கதையே மாறுகிறது.

ஒரு டியூபை அமுக்கிப் பாருங்கள்

லேபில் சாரிடம் கேட்டு இதை ஒரு முறை செய்து பாருங்கள். 50 மி.மீ. விட்டமும் 1.6 மி.மீ. தடிமனும் உள்ள ஒரு ரவுண்ட் டியூபைச் சாணளவு வெட்டி, இரண்டு முனையையும் லேத்தில் சமன் செய்து, யூ.டி.எம்.-இல் நிற்க வைத்து மெதுவாக அமுக்க வேண்டும். லோடு முதலில் விறுவிறுவென்று ஏறும். ஓர் உச்சிக்குப் போய் சட்டென்று இறங்கும். அந்த நேரம் டியூபின் ஒரு முனையில் வளையல் மாதிரி ஒரு மடிப்பு வெளியே பிதுங்கும். மடிப்பு முழுசாக அமுங்கியதும் லோடு மறுபடி ஏறும், அடுத்த மடிப்பு, மறுபடி இறங்கும். ஆர்மோனியத் துருத்தி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வரும். டியூப் இன்னும் ரொம்ப மெல்லிசாக இருந்தால் வளையலுக்குப் பதில் வைரக்கல் பட்டை மாதிரி முக்கோண முக்கோணமாக மடியும்.

இந்த வளையல் மடிப்புக்கு 1960-இல் ஜே.எம். அலெக்சாண்டர் என்பவர் ஒரு சுலபமான சூத்திரம் கொடுத்தார். மடிப்பில் மூன்று இடத்தில் பிளாஸ்டிக் கீல், அதாவது கதவுக் கீல் மாதிரி திரும்பும் இடம் உண்டாகிறது. நடுவில் உள்ள தகடு வட்டத் திசையில் நீளுகிறது. இந்த இரண்டுக்கும் செலவாகும் ஆற்றலைக் கூட்டிப் போட்ட கணக்கு. அதன் சுருக்கம் இது:

சராசரி விசை = 6 × ஈல்டு தகைவு × தடிமன் × √(விட்டம் × தடிமன்)

நம் டியூபுக்குப் போட்டுப் பார்ப்போம். ஈல்டு தகைவு ஒரு சதுர மி.மீ.க்கு 250 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், 6 × 250 × 1.6 × √80 = ஏறத்தாழ 21,500 நியூட்டன், அதாவது 21.5 கிலோ நியூட்டன். நாம் படித்த முறையில் ‘பரப்பு × தகைவு’ என்று போட்டால் 62.8 கிலோ நியூட்டன் வரும். மூன்றில் ஒரு பங்குதான் உண்மையில் கிடைக்கிறது! மீதி எங்கே போச்சு என்று கேட்டால், தகடு மெல்லிசாக இருப்பதால் அது அமுங்குவதை விட மடிவதே அதற்குச் சுலபம். சுலபமான வழியைத்தான் இரும்பும் எடுக்கும்.

சூத்திரத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். தடிமன் ஒரு முறை வெளியேயும் ஒரு முறை வர்க்கமூலத்துக்குள்ளேயும் வருகிறது. அதாவது தடிமனின் ஒன்றரை அடுக்கு. பட்டறையில் 14 கேஜுக்குப் பதில் 16 கேஜ் போட்டால் தடிமன் ஏறத்தாழ 2 மி.மீ.யிலிருந்து 1.6 மி.மீ.க்கு வருகிறது. எடை 20 சதவீதம் குறைகிறது, ‘பரவாயில்லை, 20 சதவீதம் பலம்தானே குறையும்’ என்று தோன்றும். இல்லை. மடிப்பு விசை 28 சதவீதம் குறைகிறது. தகடு மடியத் தொடங்கும் தகைவோ தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது மீள்நிலையிலேயே மடிவதாக இருந்தால் 36 சதவீதம் குறைந்துவிடும். மெல்லிய பொருளில் தடிமனைத் திருடினால், திருடியதைவிட அதிகமாக அது நம்மிடம் வசூல் செய்துவிடுகிறது.

இந்தியாவில் இந்தத் துறையில் நிறைய பரிசோதனை செய்தவர் டில்லி ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் என்.கே. குப்தா. ரவுண்ட் டியூப், சதுர டியூப், கூம்பு என்று அமுக்கி அமுக்கிப் பார்த்து, மடிப்பு எப்போது எந்த வடிவம் எடுக்கிறது என்று எழுதியவர்.

பஸ்ஸுக்கு எவ்வளவு வேண்டும்?

பஸ் கவிழ்வதற்கென்றே ஓர் உலக விதி இருக்கிறது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வெளியிட்ட 66-ஆம் எண் விதி. பஸ்ஸை ஒரு சாயும் மேடைமேல் நிறுத்தி, மெல்லச் சாய்த்து, 800 மி.மீ. ஆழமுள்ள பள்ளத்தில் பக்கவாட்டில் விழச் செய்ய வேண்டும். விழுந்தபின், பயணிகள் உட்காரும் இடத்தைச் சுற்றிக் குறிக்கப்பட்ட ‘எஞ்சும் இடம்’ ஒன்றுக்குள் பில்லரோ கூரையோ நுழைந்திருக்கக் கூடாது. நம் நாட்டில் இதற்கு இணையானது ஏ.ஐ.எஸ்.-031; பஸ் பாடி கட்டுவதற்கான பொது விதி ஏ.ஐ.எஸ்.-052. முழு பஸ்ஸை விழ வைத்துக் காட்டலாம், ஒரு பகுதியை மட்டும் சோதித்துக் காட்டலாம், அல்லது கம்ப்யூட்டர் கணக்கு மூலமும் காட்டலாம் என்று 66-ஆம் விதி சொல்கிறது. புது பஸ்ஸை யார்தான் பள்ளத்தில் தள்ளுவார்கள்? அதனால்தான் கம்ப்யூட்டர் கணக்குக்கு இவ்வளவு மவுசு.

ஒரு முரட்டுக் கணக்குப் போடலாம். பஸ் 10 டன். கவிழும்போது அதன் ஈர்ப்பு மையம் 1 மீட்டர் இறங்குகிறது என்போம். ஆற்றல் 98 கிலோ ஜூல். 50 கிலோ சிமெண்ட் மூட்டை 200-ஐ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒரே சமயத்தில் போட்டால் என்ன ஆகுமோ அது. இதில் முக்கால் பங்கை, அதாவது 73.6 கிலோ ஜூலை, பாடி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது விதியின் கணக்கு.

பஸ்ஸின் குறுக்கே வளையம் வளையமாகச் சட்டங்கள் உண்டு: தரைச் சட்டம், இரண்டு பக்கப் பில்லர், மேலே கூரை வளைவு. கவிழும்போது ஒவ்வொரு வளையமும் நேர்ச்சதுரத்திலிருந்து சாய்சதுரமாகச் சாய்கிறது. ஜன்னலுக்குக் கீழே இரண்டு, கூரை ஓரத்தில் இரண்டு, ஆக ஒரு வளையத்துக்கு நாலு கீல். 7 வளையம் என்றால் 28 கீல். ஒவ்வொரு கீலும் 2.6 கிலோ ஜூல் வாங்க வேண்டும்.

இப்போது 40 × 40 சதுரப் பைப், 2 மி.மீ. தடிமன். ஈல்டு 240. நாம் படித்த முறையில் வெளி விளிம்பு ஈல்டு ஆகும் திருப்புத்திறன் 0.88 கிலோ நியூட்டன் மீட்டர். குறுக்குவெட்டு முழுக்க ஈல்டு ஆகும்போது 1.04. பில்லர் 20 டிகிரி சாயலாம் என்றால், 1.04-ஐ 0.35 ரேடியனால் பெருக்க 0.36 கிலோ ஜூல். தேவை 2.6! ஏழில் ஒரு பங்குகூட இல்லை. 60 × 40 பைப், 3 மி.மீ. தடிமன், நீண்ட பக்கம் வளைவை எதிர்க்கும்படி போட்டால் 0.94 வரும். அதுவும் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாண்டுகிறது. முன் சுவர், பின் சுவர், கூரை எல்லாம் பங்கு எடுக்கும், இரட்டைப் பில்லர் போடுவார்கள் என்பது உண்மைதான். என்றாலும் இந்தக் கணக்கு எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஜன்னல் சீட்டு கிடைத்தால் போதும் என்று ஓடுகிறோம். நமக்குப் பக்கத்தில் நிற்கும் பில்லரைத் திரும்பிப் பார்த்திருக்கிறோமா?

இதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. 1.04 என்பது கீல் திரும்பும் நேரம் முழுக்க நிலைக்காது. 1983-இல் கெச்மன் என்பவர் சதுர, செவ்வகப் பைப்புகளை வளைத்து ஆராய்ந்து எழுதினார். அமுக்கம் படும் முகம் உள்ளே குழிந்து மடிந்ததும், திருப்புத்திறன் உச்சியிலிருந்து சரசரவென்று இறங்குகிறது. குளிர்பான ஸ்ட்ராவை வளைத்துப் பாருங்கள்: ஓர் இடத்தில் ‘டக்’ என்று தட்டையாகும், அப்புறம் விரல் நுனியிலேயே வளையும். அதே கதைதான். ஆக 0.36 என்று நான் போட்டதுகூடத் தாராளமான கணக்கு. எவ்வளவு இறங்கும், எந்த இடத்தில் மடியும், பக்கத்துச் சட்டத்துக்கு எவ்வளவு சுமை தள்ளும் என்பதைக் கையால் போட முடியாது. இங்கேதான் ஃபைனைட் எலிமெண்ட் முறை வருகிறது.

துண்டு துண்டாக

பெரிய பொருளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்குள் நடப்பதை எளிய சமன்பாட்டில் எழுதி, மூலைப் புள்ளிகளில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டுவது. இதுதான் முறையின் சாரம். 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்ற நால்வர் விமான இறக்கைக்காக எழுதிய கட்டுரை இதற்கு ஒரு பெரிய தொடக்கம். 1960-இல் கிளஃப்தான் ‘ஃபைனைட் எலிமெண்ட்’ என்று பேர் வைத்தார்.

பில்லர் மாதிரி மெல்லிய பொருளைக் கனத் துண்டுகளாக, செங்கல் மாதிரி பிரித்தால் கட்டுப்படியாகாது. அதனால் ‘ஷெல்’ என்ற தட்டைத் துண்டுகளைப் போடுகிறார்கள். தடிமன் ஓர் எண்ணாக மட்டும் உள்ளே இருக்கும். ஒவ்வொரு மூலைக்கும் மூன்று நகர்வு, மூன்று திரும்பல், ஆக ஆறு.

இங்கே மெல்லிய பொருளுக்கே உரிய ஒரு வில்லங்கம் இருக்கிறது. தகட்டை அதன் தளத்திலேயே இழுத்தால் விறைப்பு தடிமனைப் பொறுத்தது. வளைத்தால் தடிமனின் கனத்தைப் பொறுத்தது. ஒரே தகட்டில் ஒரு விறைப்பு யானை, இன்னொன்று எலி. எளிமையான துண்டு ஒன்றை வளைத்தால், உண்மையில் இல்லாத ஒரு வெட்டுத் திரிபு அதற்குள் தானாக முளைத்துவிடுகிறது. யானைப் பக்கத்துப் பிழை எலியை மிதித்துவிடுகிறது. துண்டு வளையவே மறுக்கும். இதற்கு ‘லாக்கிங்’ என்று பேர், பூட்டிக்கொள்வது. பிழையின் அளவு துண்டின் நீளத்தைத் தடிமனால் வகுத்து வர்க்கப்படுத்திய அளவில் வளரும். 2 மி.மீ. தகட்டுக்கு 20 மி.மீ. நீளத் துண்டு போட்டால் அது நூறு என்ற அளவு!

இந்தப் பூட்டு ஏன் விழுகிறது என்பதைத் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கங்கன் பிரதாப். பெங்களூர் என்.ஏ.எல்.-இல் வேலை பார்த்தவர். துண்டுக்குள் நகர்வையும் திரும்பலையும் ஒரே படிச் சமன்பாட்டில் எழுதும்போது, இரண்டும் சேர்ந்து வரும் வெட்டுத் திரிபில் ஒன்றோடொன்று கழிந்துபோக முடியாத எச்சம் நிற்கிறது. அந்த எச்சமே பூட்டு என்று காட்டினார். 1982-இல் பாஷ்யம் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையும், 1993-இல் வந்த அவருடைய புத்தகமும் இதைப் பேசுகின்றன. 1990-இல் அவருக்கு பட்நாகர் விருது கிடைத்தது.

பூட்டு ஏதோ கணிதக்காரர் தகராறு என்று நினைத்துவிட வேண்டாம். பூட்டு விழுந்தால் கம்ப்யூட்டரில் பில்லர் உண்மையை விட விறைப்பாக நிற்கும். படம் அழகாக வரும், ‘எஞ்சும் இடம்’ பத்திரமாக இருக்கும், சான்றிதழும் கிடைக்கும். ரோட்டில் கவிழ்ந்தால்தான் தெரியும். பிழை ஆபத்தான பக்கமே சாய்கிறது.

பெரிய துண்டு போடுவதற்கும் இதே கெடுதல்தான். நம் 50 மி.மீ. டியூபில் மடிப்பின் ஒரு கால் √(விட்டம் × தடிமன்), அதாவது சுமார் 9 மி.மீ. துண்டே 10 மி.மீ. என்றால் மடிப்பு எங்கே விழும்? ஒரு மடிப்புக்குக் காலுக்கு நாலைந்து துண்டாவது வேண்டும்.

நொடியைப் பத்து லட்சமாக

மீள்நிலையில் பாதை முக்கியமில்லை. சுமை தெரிந்தால் விடை தெரியும். பிளாஸ்டிக் நிலையில் அப்படி இல்லை. இரும்பு எந்த வழியாக வந்தது என்பதை நினைவில் வைத்திருக்கும். ஒரு முறை வளைத்து நிமிர்த்திய கம்பியும் வளைக்காத கம்பியும் ஒன்றில்லை. ஆகவே கம்ப்யூட்டரும் சின்னச் சின்ன அடியாகப் பின்தொடர்ந்து போக வேண்டும். போகிற வழியில் வடிவமும் மாறிக்கொண்டே இருக்கும்; சமநிலையை வளைந்த வடிவத்தின்மேல்தான் எழுத வேண்டும், பழைய வரைபடத்தின்மேல் இல்லை.

மோதல் கணக்குக்கு ‘எக்ஸ்ப்ளிசிட்’ என்ற வழி பிரபலம். 1976-இல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் எழுதிய டைனா3டி இதற்குத் தாய் மாதிரி. குண்டு தரையில் மோதினால் என்ன ஆகும் என்று பார்க்க எழுதியது. அதிலிருந்து வந்தவை கார் மோதல் கணக்குக்கும் பயன்பட்டன. வழி எளிது: இந்த நொடியில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் உள்ள விசையைக் கூட்டு, நிறையால் வகு, முடுக்கம் வரும், அடுத்த கணத்துக்கு நகர்த்து. நியூட்டனின் இரண்டாம் விதிதான், வேறொன்றும் இல்லை.

ஆனால் அடி சின்னதாக இருக்க வேண்டும். இரும்பில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் ஓடுகிறது. அது ஒரு துண்டைக் கடக்கும் நேரத்துக்குள் நம் அடி முடிந்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் கணக்கு வெடித்துவிடும். 5 மி.மீ. துண்டு என்றால் நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பாடி தரையில் பட்டு நசுங்கும் 0.2 நொடிக்கு 2 லட்சம் அடி! துண்டை 1 மி.மீ. ஆக்கினால் அடி ஐந்து மடங்கு, துண்டு இருபத்தைந்து மடங்கு, ஆக வேலை 125 மடங்கு. முழு பஸ்ஸையும் பொடித் துண்டாக வெட்டிவிடலாம் என்ற ஆசை இங்கேதான் அடிபடுகிறது. கீல் விழும் இடத்தில் பொடியாகவும் மற்ற இடத்தில் பெரிதாகவும் வெட்டுகிறார்கள். அப்போது கீல் எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்குப் பட்டறை அனுபவம் வேண்டும்!

நேரம் மிச்சம் பிடிக்க ஒவ்வொரு துண்டிலும் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தகைவு கணக்கிடும் துண்டை பெலிச்கோ என்பவர் குழுவினர் 1980-களில் கொடுத்தார்கள். பூட்டும் விழாது, வேகமும் உண்டு. ஆனால் இலவசமாக எது கிடைக்கும்? அந்த ஒரு புள்ளிக்குத் தெரியாமல் துண்டு மணற்கடிகாரம் மாதிரி கோணிக்கொள்ளும். அதற்கு ஆற்றலே செலவாகாது. அதைத் தடுக்கப் பொய் விசை ஒன்றைச் சேர்க்கிறார்கள். அந்தப் பொய் விசை தின்ற ஆற்றல் மொத்தத்தில் 5, மிஞ்சினால் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தொழில் வழக்கம். கலர் படம் காட்டுகிறவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

தடிமனுக்குள்ளும் புள்ளிகள் உண்டு. வளைந்த தகட்டில் ஈல்டு மேற்பரப்பில் தொடங்கி நடுவை நோக்கி ஊர்ந்து போகிறது. இரண்டு புள்ளி மட்டும் வைத்தால் அந்த ஊர்தல் தெரியாது. ஐந்து வைப்பது நல்லது.

இன்னொன்று, கம்ப்யூட்டருக்கு இரும்பு இரும்பின்மேல் முட்டும் என்பது தானாகத் தெரியாது. நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மடிப்பின் ஒரு பக்கம் மறுபக்கத்துக்குள் பேய் மாதிரி புகுந்து வெளியே போய்விடும்.

நாம் கொடுக்கும் எண்கள்

இனி வருவது முழுக்க நம் லேப் சமாச்சாரம். யூ.டி.எம். கொடுக்கும் தகைவு, பழைய பரப்பால் வகுத்தது. பெரிய உருமாற்றக் கணக்குக்கு உண்மைத் தகைவு வேண்டும். நீட்சி 20 சதவீதம், தகைவு 350 என்றால், உண்மைத் தகைவு 350 × 1.2 = 420; உண்மைத் திரிபு 1.2-இன் இயல் மடக்கை, 0.182. கழுத்து விழும் வரைதான் இந்த மாற்றம் செல்லும்.

வேகமும் சேர்த்தி. மைல்டு ஸ்டீலை வேகமாக இழுத்தால் அதன் ஈல்டு ஏறும். 1957-இல் கௌப்பர், சைமண்ட்ஸ் என்ற இருவர் கொடுத்த சூத்திரப்படி, திரிபு நொடிக்கு 1 என்ற வேகத்தில் போனால் ஈல்டு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு; நொடிக்கு 40 என்றால் இரு மடங்கு. இந்தச் சலுகையைக் கணக்கில் எடுப்பது சரிதான். ஆனால் எடுத்திருக்கிறார்களா, எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிச்சமுள்ளது தடிமன். ஃபைலில் 2.0 என்று இருக்கும். பட்டறைக்கு வந்த பைப் 2.0 தானா? ஒன்றரை அடுக்கில் தண்டனை என்று மேலே பார்த்தோமே. லோடு வந்து இறங்கும்போது கையில் ஒரு மைக்ரோமீட்டரோடு நிற்கிறவர் டிப்ளமாக்காரர்தான். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டவர் எங்கோ ஏ.சி. ரூமில் இருப்பார். ஜன்னலுக்குக் கீழே பில்லர் சந்திப்பில் ஒயர் போக ‘சும்மா ஒரு ஓட்டை’ போடுவதும் அப்படித்தான். அந்த இடம் கீல் விழும் இடம். கணக்கில் ஓட்டை இல்லை, பஸ்ஸில் இருக்கிறது. கஸ்ஸெட் தகடு வைத்து வெல்டு பிடிக்கும்போது கீல் தகட்டின் ஓரத்துக்கு நகர்கிறது. வெல்டின் சூடு பட்ட ஓரமும் அதே இடத்தில் இருந்தால் மடிவதற்கு முன் கிழியும். மடிந்தால் ஆற்றல் வாங்கும். கிழிந்தால் ஒன்றும் வாங்காது.

நீங்களும் போட்டுப் பார்க்கலாம்

இதற்கெல்லாம் லட்சக்கணக்கில் சாஃப்ட்வேர் வாங்க வேண்டும் என்ற காலம் போய்விட்டது. ரேடியாஸ் என்ற மோதல் கணக்கு நிரலை 2022-இல் ‘ஓப்பன் ரேடியாஸ்’ என்று மூலத்தோடு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். வரைவதற்கு ஃப்ரீகேட் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரே போதும்.

முதலில் பஸ் வேண்டாம். மேலே சொன்ன 50 மி.மீ. டியூபையே எடுங்கள். 10 மி.மீ. துண்டில் ஒன்று, 5-இல் ஒன்று, 2-இல் ஒன்று என்று மூன்று முறை ஓட்டுங்கள். மடிப்பு எந்த ஓட்டத்தில் தோன்றுகிறது என்று பாருங்கள். லோடு வரைபடத்தில் முதல் உச்சியை விட்டுவிட்டு, மடிப்பு விழும் பகுதியின் சராசரியை எடுத்து 21.5 கிலோ நியூட்டனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலெக்சாண்டர் சூத்திரம் தோராயமானது, இரும்பு கெட்டிப்படுவதையும் அது தனியாகச் சேர்க்கவில்லை. அதனால் அச்சு அசலாக ஒத்துப் போகாது. அப்புறம் அதே டியூபை லேபில் அமுக்கி, மடிப்புகளை எண்ணி, அமுக்கிய டியூபை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து உள்ளே பாருங்கள். மடிப்பின் வளைவு கம்ப்யூட்டர் படத்தில் இருந்த வளைவு மாதிரியே இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். மூன்று எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றால், அடுத்து 40 × 40 சதுரப் பைப்பை வளைக்கப் போகலாம்.